கரண்ட் ரேட்ட முடிவு பண்ற ரூம்ல நமக்கும் ஒரு நாற்காலி இருக்கு

கரண்ட் பில்லு ஏறிச்சுன்னா நம்ம ஏரியால டீக்கடை, ரேஷன் கடை க்யூ எங்க நின்னாலும் ஒரே பேச்சுதான், "கவர்மெண்ட்டு ஏத்திட்டான்". ஆனா சட்டப்படி ரேட்டுக்கு ஆர்டர் போடறது மந்திரியும் இல்ல, ஈபி ஆபீசும் இல்ல. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்னு ஒண்ணு இருக்கு, ஒரு தலைவர், ரெண்டு மெம்பர், மொத்தம் மூணே பேரு, அவங்க போடற ஆர்டர்தான் நம்ம வீட்டு பில்லா வருது. அந்த ஆர்டருக்கு முன்னாடி நம்மகிட்ட கருத்து கேக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. வட சென்னைல தண்டையார்பேட்டை, எர்ணாவூர் பக்கம் நான் பேசின வரைக்கும் பாதி பேருக்கு மேல இது தெரியல, அதான் உக்காந்து எழுதறேன்.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64 என்ன சொல்லுதுன்னா, ரேட்ட மாத்தணும்னா மின் நிறுவனம் ஆணையத்துகிட்ட மனு போடணும், மனுவோட சுருக்கத்த பேப்பர்ல வெளியிடணும், பொதுமக்கள் சொல்ற யோசனை ஆட்சேபனை எல்லாத்தையும் பாத்துட்டுதான் 120 நாளுக்குள்ள ஆணையம் முடிவு சொல்லணும். 2022ல அப்படித்தான் ஆச்சு, ஜூலைல மனு, ஆகஸ்ட்ல கோயம்புத்தூர் மதுரை சென்னைன்னு கருத்துக்கேட்பு கூட்டம், செப்டம்பர் 10லேர்ந்து புது ரேட்டு.

இப்படி ஒரு ஆணையம் எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அங்க யாரு யாருக்கு எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு புரியும். கதை அமெரிக்காவுல ஆரம்பிக்குது. சிகாகோல சாமுவேல் இன்சல்னு கரண்ட் கம்பெனி முதலாளி, 1898லயே கம்பெனிக்காரங்க சங்கத்துல எழுந்து நின்னு, எங்கள அரசாங்கமே ஒழுங்குபடுத்தட்டும்னு பேசினாரு. முதலாளி ஏன் இதக் கேட்டாரு? ஒரு ஊர்ல ரெண்டு கம்பெனி கம்பி இழுத்து அடிச்சிக்கறத விட, போட்டியே இல்லாம ஒரே கம்பெனி, ரேட்ட மட்டும் ஆணையம் சொல்லட்டும், போட்ட முதலுக்கு இவ்ளோ லாபம்னு உறுதியா கெடைக்கும், நகராட்சியே கம்பெனிய எடுத்துக்கும்ங்கற பயமும் போயிடும். 1907ல விஸ்கான்சின், நியூயார்க் ரெண்டு மாநிலத்துல ஆணையம் வந்துச்சு, அப்புறம் மத்த மாநிலங்களும் வரிசையா வந்துச்சு. ஜனங்க மட்டும் கேட்டு வாங்கினது இல்ல, கம்பெனியும் கூடவே கேட்டு வாங்கினது.

அதோட நிக்கல. கரண்ட் கம்பெனிங்க பேராசிரியர்களுக்குப் பணம் குடுத்தது, தங்களுக்குப் பிடிக்காத பாடப்புத்தகத்த மாத்த வெச்சது, இதெல்லாம் 1928லேர்ந்து அங்க நடந்த அரசு விசாரணைல வெளிய வந்துச்சு, அதுக்கான செலவும் கடைசில கரண்ட் பில்லு கட்டினவன் தலைலதான். 1932ல இன்சல் கட்டின கம்பெனிக் கோபுரம் சரிஞ்சு, ஷேர் வாங்கின சாதாரண ஜனங்க சேமிப்பு போச்சு. 1935ல இந்த மாதிரி கம்பெனிகளுக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்தப்ப, அத எதிர்த்து ஆயிரக்கணக்குல தந்தி போச்சு பாராளுமன்றத்துக்கு, செனட்டர் ஹியூகோ பிளாக் குழு விசாரிச்சுப் பாத்தா நெறைய தந்தில பேர் போட்டிருந்தவங்களுக்கே அப்படி ஒரு தந்தி போனது தெரியாது. இருந்தாலும் சட்டம் நிறைவேறிச்சு, 70 வருஷம் இருந்துச்சு, 2005ல ரத்து பண்ணிட்டாங்க. பழங்கதைன்னு விட முடியாது, ஒஹையோ மாநிலத்துல ஃபர்ஸ்ட்எனர்ஜிங்கற கம்பெனி, அணு உலைகளக் காப்பாத்த 130 கோடி டாலர் சட்டத்துக்காக சுமார் 6 கோடி டாலர் சபாநாயகர் தரப்புக்குக் குடுத்துச்சு, 2023ல அவருக்கு 20 வருஷம் ஜெயில் தண்டனை. ஆணையத்துக்குத் தலைவரா வரப்போறவருக்கு 43 லட்சம் டாலர் குடுத்ததயும் கம்பெனியே ஒத்துக்கிச்சு.

நம்ம நாட்டுல 1990கள்ல மகாராஷ்டிரா தாபோல்ல என்ரான்ங்கற அமெரிக்கக் கம்பெனியோட மின் ஆலை வந்துச்சே, அப்ப இந்தியாவுல "கல்வி புகட்ட" 2 கோடி டாலர் செலவு பண்ணோம்னு அமெரிக்க பாராளுமன்றத்துல அந்தக் கம்பெனி ஆளே சொன்னாங்க. அந்த ஆலைகிட்ட கரண்ட் வாங்க ஒப்பந்தம் போடறப்ப மாநில ஆணையமும் இல்ல, பொது விசாரணையும் இல்ல, ரேட்டு ஒப்பந்தத்துக்குள்ளயே இருந்துச்சு. ஆணையங்கள் சட்டம் 1998லதான் வந்துச்சு, நம்ம ஆணையம் 1999ல, அப்புறம் 2003 சட்டம். லாபி பண்றவங்க, அதாவது கம்பெனிக்கு சாதகமா முடிவெடுக்க வைக்க ஆளுங்களப் பாத்துப் பேசறவங்க, பேர் பதிவு பண்ணணும், செலவக் காட்டணும்னு இங்க தனிச் சட்டமே கெடையாது. இருக்கறது சின்னச் சின்ன வேலிதான், ஆணைய மெம்பரா இருந்தவங்க பதவி முடிஞ்சு ரெண்டு வருஷம் தனியார் வேலைக்குப் போகக் கூடாது, சட்டம் தெரிஞ்ச ஒரு மெம்பர் கண்டிப்பா இருக்கணும்னு 2018ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

நம்ம வட சென்னைக்கு இதுல ஒரு தனிக் கணக்கு இருக்குன்னு நான் நெனைக்கறேன். பேசின் பிரிட்ஜ்ல நூறு வருஷத்துக்கு முன்னாடி தனியார் கம்பெனிதான் ஊருக்கு கரண்ட் குடுத்துச்சு, 1947ல அரசு எடுத்துக்கிச்சு. அப்புறம் எண்ணூர் அனல் மின் நிலையம், 2017 வரைக்கும் ஓடிச்சு. அத்திப்பட்டுல வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர்ல 1500 மெகாவாட். கரண்ட் ஊருக்கே போகுது, சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆத்துலயும் எண்ணூர் கழிமுகத்துலயும் படியுது. சாம்பல் கொண்டு போற குழாய சரி பண்ற செலவு, நிலக்கரி செலவு, கடனுக்கு வட்டி, எல்லாம் அந்த ரேட்டு மனுவுக்குள்ளதான் வரும், அதனால அதப் பத்தி அங்க பேசறதுக்கு மீன்பிடிக்கற அண்ணனுக்கும் உரிமை இருக்கு.

என்ன பேசறதுன்னு கேப்பீங்க. ஒரு கணக்கு காட்றேன். 2022 ஆர்டர்படி ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடினா மொத 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபா, அடுத்த 200க்கு யூனிட்டுக்கு 4.50, கடைசி 100க்கு யூனிட்டுக்கு 6 ரூபா, மொத்தம் 1725. அதே 501 ஓடிச்சுன்னா அந்த 2.25 போயிடும், 101லேர்ந்து 400 வரைக்கும் எல்லாமே 4.50, கூடுதலா ஓடின அந்த ஒரு யூனிட்டோட ரேட்டும் சேந்து 1958 ரூபா. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா! ரீடிங் எடுக்கற நாள் நாலு நாள் தள்ளிப் போனா போதும், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு தையல் மிஷின், ஆறு பேரு இருக்கற வீடு அந்தக் கோட்டத் தாண்டிடும். அதுக்கப்புறம் ரேட்டு மாறியிருக்கு, உங்க பில்லுல இருக்கறத வெச்சுக் கணக்குப் போடுங்க. "ஏத்தாதீங்க சார்"னு மட்டும் சொல்றத விட, இந்த மாதிரி பில்லு ஜெராக்ஸோட ஒரு கணக்கு குடுத்தா, ஏத்துக்கலன்னாலும் ஆர்டர்ல பதில் எழுத வேண்டிய நெலமைல அவங்க இருப்பாங்க.

எழுதறது கஷ்டமே இல்ல. தமிழ்லயே ஒரு பேப்பர், பேரு, விலாசம், மின் இணைப்பு எண், மனுவுல எந்த விஷயத்துக்கு ஆட்சேபனை, ஏன், அவ்ளோதான். கடைசித் தேதியும் எங்க அனுப்பணும்ங்கறதும் பேப்பர் அறிவிப்புல போட்டிருப்பாங்க, அத வெட்டி வெச்சுக்கோங்க. வக்கீல் வேணாம். குடியிருப்போர் சங்கம், மீனவர் சங்கம், மகளிர் குழு இருந்தா சங்க லெட்டர்பேட்லயே குடுக்கலாம், நுகர்வோர் சார்பா பேச ஒருத்தர அனுமதிக்கற அதிகாரம் பிரிவு 94ல ஆணையத்துக்கு இருக்கு. கம்பெனி பக்கம் சம்பளம் வாங்கற வக்கீலும் கணக்காளரும் எல்லாக் கூட்டத்துக்கும் வருவாங்க, நம்ம பக்கம் ஒவ்வொரு தடவையும் அதே நாலஞ்சு பெரியவங்க மட்டும் மைக் முன்னாடி நிக்கறாங்க, எனக்கு அதப் பாத்தா மனசு ஆறல.

உங்க சொந்த வீட்டுப் பிரச்சனை, தப்பு பில்லு, மீட்டர் கோளாறு, இணைப்பு குடுக்க லேட்டு, இதெல்லாம் இந்தக் கூட்டத்துக்கு வராது, அதுக்கு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் தனியா இருக்கு, அங்க சரியாகலன்னா மின்குறை தீர்ப்பாளர்கிட்ட போகலாம். ரேட்டு ஆர்டரே தப்புன்னு தோணிச்சுன்னா, ஆர்டர் கைக்கு வந்து 45 நாளுக்குள்ள டெல்லில இருக்கற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகணும், அதுக்கு செலவாகும், சங்கமா சேந்து போனாதான் முடியும். ஆணையத்தோட ஆபீஸ் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டைல, விம்கோ நகர்லயோ தண்டையார்பேட்டைலயோ மெட்ரோ ஏறினா ஒரே வண்டி, எறங்கி மாற வேண்டியதில்ல.