புதுப் பெயின்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பி

ஒரு குடும்பம் கடலோர ஊரில் வீடு வாங்கும் முன், அதைச் சோதித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பழைய வீடு, முழுக்கப் புதுப்பித்து விற்பனைக்கு வந்திருந்தது. புதுத் தரை, புதுச் சமையலறை, எல்லா அறையிலும் ஃபால்ஸ் சீலிங். நான் போவதற்குள் எந்த அறை யாருக்கு என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள்.

பால்கனியின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கே பூச்சைப் பெயர்த்தோம். உள்ளே கம்பி செதில் செதிலாக உதிர்ந்தது.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12 முதல் 13 வரை இருக்கும். அதில் புதைந்திருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, துருவைத் தடுக்கும். கடல்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைத்துவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசல் விழுந்து கான்கிரீட் பெயர்கிறது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் விரிசல் மறையும், துரு நிற்காது.

நான் அதிகம் பயப்படுவது அரைகுறைப் பழுதுபார்ப்புக்குத்தான். பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை அப்பிவிடுவார்கள். அதுவரை அந்த இடத்துக் கம்பிதான் துருவை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றி வந்தது. புதுக் கலவைக்குள் அது பத்திரமானதும், உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் பக்கத்துக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். அதனால்தான் சில வருடத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி விரிசல் வருகிறது. உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்தார்களா, கம்பியைச் சுத்தம் செய்தார்களா, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தார்களா? விற்பவரிடம் இதைக் கேளுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் கேளுங்கள். பூச்சை உரித்த நிலையில் ஒரு படமாவது இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்புறம், மேலே மறைந்திருக்கும் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்க்க, ஃபால்ஸ் சீலிங்கில் ஓரிரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பாகக் குளியலறைக்குக் கீழேயும் மொட்டைமாடிக்குக் கீழேயும். கைப்பிடிக் கம்பிகள் துருப்பிடிக்காத எஃகு என்பார்கள். கடலோரத்துக்கு மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும். சாதாரண 304-இல் பழுப்புக் கறை படியும்.

சந்தேகம் இருந்தால் சோதனை செய்துவிடுங்கள். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள், அது உப்பைக் காட்டாது. உப்புக்கு, வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டுத் தூளெடுத்து ஆய்வகத்தில் குளோரைடு அளவைப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டிலும் அதைத்தான் செய்தோம். தூண்களும் கூரையும் நன்றாகவே இருந்தன. பால்கனியை மட்டும் இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. உரிமையாளரும் ஒத்துக்கொள்ள, அந்தச் செலவைக் கழித்து விலை பேசி வாங்கினார்கள். இடித்துக் கட்டி முடியும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபடி பால்கனிக் கதவைப் பூட்டி வைத்தார்கள்.