எச்பிஏ1சி: ஏற்றியதா, ஏறியதா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களிடம் இந்த நோய்க்குப் பெயர் பஞ்சமில்லை. வீட்டில் சர்க்கரை, தமிழ்ப் பத்திரிகையில் நீரிழிவு, பாலக்காட்டு ஆஸ்பத்திரியின் மலையாளப் பலகையில் பிரமேஹம். கடைசிச் சொல்லைக் கண்டு வயதானவர்கள் சிலர் நெளிவது உண்டு. பழைய தமிழ் வழக்கில் மேகம், பிரமேகம் எல்லாம் பால்வினை நோயையும் குறிக்கும். மலையாளத்தில் அந்தச் சங்கடம் இல்லை. நெளிய வேண்டியதும் இல்லை.

பரிசோதனைச் சீட்டில் வரும் எச்பிஏ1சி என்பதோ யார் வாயிலும் நுழைவதில்லை. ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று சொல்லிவிடுகிறோம்.

எச்பி என்பது ஹீமோகுளோபின்: சிவப்பணுவில் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். கிரேக்க மொழியில் ‘ஹைமா’ என்றால் ரத்தம். ஏ என்பது பெரியவர்களின் ஹீமோகுளோபின் வகை. கருவிலிருக்கும் குழந்தைக்கு எஃப் வகை. 1சி வெறும் ஆய்வுக்கூட அடையாளம். வண்ணப்பிரிகை (குரோமட்டோகிராஃபி) முறையில் ஹீமோகுளோபினைப் பிரித்தபோது தனித்தனியே வந்த சிறு கூறுகளுக்கு 1ஏ, 1பி, 1சி என்று குறியிட்டார்கள். அந்த மூன்றாவது கூறு சர்க்கரை நோயாளிகளிடம் மிகுந்திருப்பதை 1960களின் இறுதியில் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ராபர் கண்டறிந்தார்.

ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், பாத்திரத்தில் பாகு பிடிப்பதுபோல், ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான். இதற்கு முன்பு வழங்கிய பெயர் கிளைக்கோசிலேட்டட் ஹீமோகுளோபின். ஆனால் அந்தச் சொல் நொதி (என்சைம்) ஒன்று முன்னின்று சர்க்கரையை இணைப்பதைக் குறிக்கும். இங்கே நொதிக்கு வேலையே இல்லை. சர்க்கரை தானாகவே ஒட்டுகிறது. அதனால் பெயரைக் கிளைக்கேட்டட் என்று திருத்தினார்கள். தமிழில் ‘சர்க்கரையேற்றப்பட்ட’ என்று எழுதினால் கைவிட்ட பிழையே திரும்ப வருகிறது: ஏற்றியவர் யார்? ‘சர்க்கரையேறிய ஹீமோகுளோபின்’ என்பதே பொருந்தும். தன்வினையில் நான்கு எழுத்து குறைவது கூடுதல் லாபம்.

மக்கள் வழக்கான ‘மூன்று மாதச் சர்க்கரை’யும் மோசமில்லை. ஆனால் மூன்று மாதங்களுக்கும் சம பங்கு இல்லை. முடிவில் ஏறக்குறைய பாதி, கடைசி ஒரு மாதத்தின் கணக்கு. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்துப் பயனில்லை என்பதும் இதிலேயே அடங்கும். வெறும் வயிற்றோடு போக வேண்டிய அவசியமும் கிடையாது. சாம்பல் மூடிக் குழாயில் எடுப்பது அன்றைய சர்க்கரைக்கு, ஊதா மூடிக் குழாயில் எடுப்பதுதான் இதற்கு.

முடிவில் வரும் எண்ணைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 7.4 என்று பார்த்துவிட்டு, “போன தடவை 180, இப்போது ஏழுதானே” என்று மகிழ்ந்தால் கதை கெட்டது. இது மில்லிகிராம் இல்லை, விழுக்காடு. 7.4க்குச் சராசரிச் சர்க்கரை சுமார் 166 மில்லிகிராம். சில சீட்டுகளில் அடுத்த வரியிலேயே அச்சாகியிருக்கும். 5.7க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நோயின் வாசல், 6.5 முதல் நீரிழிவு. நோயாளிகள் பலருக்கு மருத்துவர் வைக்கும் இலக்கு 7க்குள். முதியவர்களுக்குச் சற்றுத் தளர்த்துவார்கள்.

சிவப்பணுவின் ஆயுளை நம்பிய கணக்கு என்பதால், அந்த ஆயுள் மாறினால் எண்ணும் பொய்க்கும். இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் இல்லாத ஏற்றம் தெரியலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதை மட்டும் நம்பக்கூடாது. ஆனைகட்டியைத் தாண்டினால் வரும் அட்டப்பாடியில் பழங்குடியினரிடையே அரிவாளணுச் சோகை உண்டு. அந்நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிவதால், சர்க்கரை ஏற நேரமின்றி எண் குறைத்துக் காட்டும். அவர்களுக்கு விரல் நுனிச் சோதனையோ, இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும் ஃபுரக்டோசமைன் சோதனையோ கேட்டுச் செய்துகொள்ளலாம்.