கோதுமையை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

சீலியாக் நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு என்னிடம் வருபவர்களில் பலர் கோதுமையை ஏற்கெனவே நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். "நிறுத்தினதிலிருந்து உப்புசம் இல்லை டாக்டர், இப்போ டெஸ்ட் எடுத்து உறுதிப்படுத்திடலாமா?" என்பார்கள். சிக்கலே அங்கேதான். இந்த நோயில், கோதுமை போன்ற சில தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகப்போக உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. அப்போது ஆன்டிபாடிகள் எனும் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. ரத்தத்தில் நாங்கள் தேடுவது அவற்றைத்தான். குளூட்டனை நிறுத்தினால் அவை குறையத் தொடங்கும், குடலும் மெல்ல ஆறும். நோய் இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வந்து நிற்கும்.

யார் சோதிக்க வேண்டும்? வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருந்தால்தான் சீலியாக் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர், வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தை, அடிக்கடி வாய்ப்புண் வருபவர், முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு சின்னச் சின்னக் கொப்புளம் வருபவர், டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர் என்று பட்டியல் நீளும். மலச்சிக்கலோடு வருபவர்களும் உண்டு. உலகில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அதில் பலருக்கு அது தெரியாது.

முதலில் எடுக்க வேண்டியது டி.டி.ஜி ஐ.ஜி.ஏ என்ற ரத்தப் பரிசோதனை. ஐ.ஜி.ஏ என்பது ஒரு வகை ஆன்டிபாடி. கூடவே மொத்த ஐ.ஜி.ஏ அளவையும் பார்க்கச் சொல்வேன். சீலியாக் உள்ளவர்களில் 100க்கு 2, 3 பேருக்கு ஐ.ஜி.ஏவே போதிய அளவு உருவாவதில்லை. அவர்களுக்கு முதல் டெஸ்ட் 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை நம்ப முடியாது, ஐ.ஜி.ஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனைக்குப் போக வேண்டும். மரபணுப் பரிசோதனையில்தான் குழப்பம் அதிகம். இந்த நோயோடு தொடர்புள்ள டி.க்யூ 2, டி.க்யூ 8 மரபணுக்கள் மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு உண்டு. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. அதனால் 'பாசிட்டிவ்' என்று வந்ததும் பதற வேண்டாம். இரண்டுமே இல்லையென்றால் சீலியாக்கைக் கிட்டத்தட்ட மறந்துவிடலாம். நூறு உணவுகளில் எது ஒத்துக்கொள்ளாது என்பதற்கு ஒரே ரத்தத்தில் பதில் என்று விற்கப்படும் பரிசோதனைத் தொகுப்புகள் இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவாது. அந்தக் காசு மிச்சம்.

ரத்தத்தில் தெரிந்தால், பெரியவர்களுக்குப் பொதுவாக அடுத்தது எண்டோஸ்கோப்பி. முன்சிறுகுடலிலிருந்து நான்குக்குக் குறையாமல் சிறு துணுக்குகள் எடுப்போம் (இதுதான் பயாப்சி), பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கலாம் என்பதால். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் கம்பள இழைகள்போல் நிமிர்ந்து நிற்க வேண்டியவை; இந்த நோயில் தேய்ந்து தட்டையாகியிருக்கும். குழந்தைகளுக்கு ஆன்டிபாடி அளவு இயல்பின் மேல்வரம்பைவிடப் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது முறை எடுத்த ரத்தத்திலும் இன்னொரு ஆன்டிபாடி தெரிந்தால், பயாப்சி இல்லாமலேயே முடிவு செய்ய ஐரோப்பிய குழந்தை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் இடம் தருகிறது.

சரி, ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் என்ன செய்வது? மருத்துவர் மேற்பார்வையில் மறுபடி சாப்பிட்டுத்தான் சோதிக்க வேண்டும். தினம் 3 கிராம் குளூட்டனாவது, அதாவது ஓரிரண்டு துண்டு கோதுமை ரொட்டி, குறைந்தது இரண்டு வாரம். உடம்பு தாங்கினால் எட்டு வாரம் வரை. நிம்மதியாக இருந்த வயிற்றை மறுபடி கெடுத்துக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? பாதியிலேயே கைவிடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நோய் உறுதியானால் கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் மூன்றும் ஆயுளுக்கும் கூடாது. இப்போதைக்கு இதற்கு மருந்தே உணவுதான். மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கோதுமை இல்லை' என்ற லேபிளை நம்பி வாங்கிய பொருளில் பார்லி மால்ட் இருக்கலாம். 'குளூட்டன் இல்லாதது' என்று போட, சர்வதேச உணவுத் தர விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். அதற்கென்று பிரித்துத் தயாரித்ததையே வாங்குங்கள்.

அப்புறம் சமையலறை. மாவு சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் துகள் தங்கும், அதனால் தனிச் சல்லடை வேண்டும். டோஸ்டரும் அப்படியே. கோதுமை மாவில் தோய்த்ததைப் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்தால் அதுவும் ஆகாது. ரொட்டியில் தடவிய கத்தியை வெண்ணெய் டப்பாவில் திரும்ப விடுவதுதான் பலர் கவனிக்காதது. எல்லாம் கவனமாக இருந்தும் டி.டி.ஜி இறங்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இந்த டப்பாவைத்தான்.

முதல் சில மாதங்கள் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடல் ஆறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் டி.டி.ஜி பார்ப்போம், இரும்புச்சத்து, வைட்டமின் டி, எலும்பு அடர்த்தியையும் கவனிப்போம்.

இன்னொன்று. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு இதே நோய் இருக்க வாய்ப்புண்டு, அறிகுறியே இல்லாவிட்டாலும். அவருக்குத் துணையாக வீட்டில் எல்லோருமே கோதுமையை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் உண்டு. விடுங்கள், ஆனால் அதற்கு முன் அவர்களும் ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும்.