விரல் பழகிவிட்டது, காது?

இசை கிரேடு தேர்வுகளில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் பலர், ஞாயிறு ஆராதனையில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்ததும் தடுமாறுகிறார்கள். விரலில் குறை இருக்காது. ஆனாலும் ஆர்கன் ஒரு பக்கம் போகும், சபை ஒரு பக்கம் போகும். தேர்வில் தனியாக வாசித்தார்கள், கோயிலில் முந்நூறு பேரோடு சேர்ந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான பயிற்சியே வேறு. நம் ஊர் சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளில் வாசிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"சபை பாட்டை இழுக்குது" என்று குறைப்படாத ஆர்கனிஸ்டை நான் பார்த்ததில்லை. பாதிக் காரணம் கட்டடத்தில் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளிக் கடைசிப் பெஞ்சில் நிற்பவருக்கு உங்கள் வாசிப்பு 0.1 நொடி தாமதமாகப் போய்ச் சேரும். அவர் அதோடு கச்சிதமாகப் பாடினாலும், அவர் குரல் உங்களிடம் வர இன்னொரு 0.1 நொடி. பின்னால் ஸ்பீக்கர் வைத்திருந்தால் போகிற கணக்கு மாறும், ஆனால் திரும்பி வருகிற கணக்கு மாறாது. ஆக, நீங்கள் கேட்பது எப்போதும் கொஞ்சம் பழைய சத்தம். சபை வரட்டும் என்று நீங்கள் காத்திருந்தால், சபை உங்களுக்காகக் காத்திருக்கும். நாலாவது சரணத்துக்குள் பாட்டு படுத்துவிடும். வாசிக்கும்போதே வார்த்தைகளை வாய்க்குள் பாடிக்கொண்டு போங்கள். உங்கள் மூச்சு வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், சபையும் ஒரே வாரத்தில் இல்லாவிட்டாலும் ஒரு மாதத்தில் பின்னால் வந்துவிடும்.

மூச்சு என்றதும் இன்னொன்று. நம் பாட்டுப் புத்தகமான பாமாலையில் நிறையப் பாட்டுகள் ஆங்கில, ஜெர்மன் ட்யூன்களில் உட்கார்ந்தவை. வரிக்கு எத்தனை அசை என்ற கணக்கு 8.6.8.6 என்று ஒத்துப்போனாலும், தமிழ் வாக்கியம் வரி முடிகிற இடத்தில்தான் முடியும் என்று கட்டாயம் இல்லை. அதனால் ட்யூனை மட்டும் பழகினால் போதாது. எல்லாச் சரணங்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, மூச்சு விட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். முதல் சரணத்தில் விட்ட இடத்திலேயே மூன்றாம் சரணத்திலும் விட்டால் சில பாட்டுகளில் அர்த்தமே கெடும்.

பியானோவில் அடித்த சுரம் தானாகத் தேய்ந்துவிடும். ஆர்கனில் விரலை எடுக்கும் வரை அதே பலத்தோடு நிற்கும். அதனால் கட்டையை எப்போது விடுகிறோம் என்பதில்தான் பாதி வாசிப்பு இருக்கிறது. சுரத்தை நீட்டித் தரும் பியானோவின் சஸ்டெய்ன் பெடலை நம்பிப் பழகியவர்களுக்கு இது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் விரலால் அழுத்திய கட்டையை, சத்தம் அறாமல் ஐந்தாம் விரலுக்குக் கைமாற்றிப் பாருங்கள், மெதுவாக. அப்புறம், ராகம் போகும் மேல் குரலான சோப்ரானோவில் ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் ஒவ்வொன்றையும் விட்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் சபைக்குத் தாளம் கேட்காது. நடுக் குரல்களான ஆல்ட்டோவிலும் டெனரிலும் அப்படி வந்தால் பெரும்பாலும் பிடித்தே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கம் போதும், ஆர்கனின் இரைச்சல் குறைந்து ராகம் மேலே வரும்.

ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் தேர்வு நடத்தும், லண்டனில் 1864இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், தயாரித்து வரும் இசையை மட்டும் வாசிக்கச் சொல்லி யாருக்கும் டிப்ளமா கொடுத்துவிடுவதில்லை. பார்த்தவுடன் வாசிப்பது, சுருதி மாற்றி வாசிப்பது இவற்றுக்கெல்லாம் தனிச் சோதனை உண்டு. நம்மிடம்தான் சுருதியைத் தானே மாற்றித் தரும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். சரி, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்து அடுத்த பாட்டை ஆரம்பித்தால் குவாயர் முறைக்கும், அவ்வளவுதான்.

மனோதர்மமாக, அதாவது அந்த நேரத்தில் சொந்தமாக உருவாக்கி வாசிப்பதுதான் நம்மவர்களிடம் மிகவும் பலவீனமான இடம். திருவிருந்தில் கடைசி வரிசை முழங்காலிட்டிருக்கும்போது பாட்டு தீர்ந்துபோகும். அதே பாட்டைத் திரும்ப ஆரம்பிப்பார்கள், அல்லது சட்டென்று நிறுத்துவார்கள். கடைசி இரண்டு வரியின் ராகத்தை எடுத்து, கார்டு (சேர்த்து அடிக்கும் சுரங்கள்) மாற்றி, எட்டு தாள அளவு நீட்டவும் எங்கே வேண்டுமானாலும் முடிக்கவும் வீட்டில் பழகுங்கள். ஜெர்மன் இசைமேதை ஜே.எஸ். பாக் அவர்களுக்கே ஆர்கன் வாசிப்புக்காகத் திட்டு விழுந்திருக்கிறது. ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரில் ஆர்கனிஸ்டாக இருந்தபோது, தொழிலை இன்னும் கற்றுக்கொள்ள என்று நாலு வாரம் லீவு போட்டு, 1705இல் ஏறக்குறைய 400 கி.மீ. நடந்து லூபெக் நகரில் புகழ்பெற்ற ஆர்கனிஸ்ட் புக்ஸ்டஹூடாவைக் கேட்கப் போனார். திரும்பியது சுமார் நாலு மாதம் கழித்து. 1706 பிப்ரவரியில் சபை அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். லீவு மட்டும் பிரச்சினை இல்லை. பாட்டில் புதுப்புது சுரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார், முன்பு அதிக நேரம் வாசித்தார், சொன்ன பிறகு ஒரேயடியாகச் சுருக்கிவிட்டார் என்றும் புகார். அப்போது அவருக்கு வயது 20. அதிகாரிகள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கர்நாடக ராகங்களில் அமைந்த கீர்த்தனைகளுக்கு வருவோம். புத்தகத்தில் ராகமும் தாளமும் போட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. சங்கராபரணம் என்றால் மேற்கத்திய மேஜர் ஸ்கேல்தான், தைரியமாகக் கார்டு பிடிக்கலாம். மாயாமாளவகௌளை ராகத்தில் அதே கையோடு பஞ்சமத்தின் (ப) மேல் மேஜர் கார்டு பிடித்தால், அதில் வரும் சதுஸ்ருதி ரிஷபம் (உயர்ந்த ரி) பாட்டின் சுத்த ரிஷபத்தோடு (தாழ்ந்த ரி) நேராக மோதும். பெரியவர்கள் "ஆர்கன் சரியில்லை" என்பது பல நேரம் இதைத்தான். அந்த இடத்தில் இடது கை ச, ப இரண்டை மட்டும் பிடித்து நிற்கட்டும், ராகத்தை வலது கை வாசிக்கட்டும். பக்கத்தில் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருபவர் இருந்தால் சில மாதமாவது போய் உட்காருங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பாட்டு நம்பர் வந்தால் ஒன்றும் நடக்காது. புதன்கிழமைக்குள் லிஸ்ட் வேண்டும் என்று ஆயரிடம் பணிவாக, ஆனால் வாராவாரம் கேளுங்கள்.