“விரிசல்தானே டாக்டர்?”

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் பலரும் கேட்பது, “விரிசல்தானே, உடையலையே?” என்றுதான். விரிசலும் முறிவுதான். எந்த எலும்பு, எந்த இடம், விலகியிருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா என்பதை வைத்தே வைத்தியம்.

தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய கோடு விழுந்தவர் எழுந்து நடந்தால் அது விலகலாம். விலகினால் எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் தடைபடும். மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு எலும்போ, முதல் எக்ஸ்ரேயில் முறிவைக் காட்டாமலே ஏமாற்றும். பெருவிரலின் அடியில் உள்ள குழியை அழுத்தும்போது வலித்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்போம். வீண்செலவு என்று நினைத்து வராமல் இருந்துவிடாதீர்கள்.

முறிந்த இடத்தின் மேல் சிறு துளை இருந்தாலும் அது திறந்த முறிவாக, அதாவது காயம் முறிந்த எலும்புவரை போகிற முறிவாக இருக்கலாம். எலும்பு வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை. எலும்பு மருத்துவர்கள் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976இல் வகுத்த முறைப்படி, 1 செ.மீ.க்குக் குறைந்த சுத்தமான காயம் முதல் வகை. ஆனால் வயல் சேறு பட்டிருந்தால், சக்கரம் ஏறி நசுங்கியிருந்தால், துளை சிறிதானாலும் மிகக் கடுமையான மூன்றாம் வகைதான். காப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி அழைத்து வாருங்கள். ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டால் நல்லது.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது நாங்கள் இப்படிச் சொல்வோம்: “வலது கால், கணைக்கால் முன்னெலும்பு, நடுப்பகுதி, குறுக்கு முறிவு, பாதி விலகல், தோல் கிழியவில்லை, பாதத்தில் நாடி இருக்கிறது, விரல் அசைகிறது.” கடைசி இரண்டைச் சொல்ல மறந்தால் மற்றதெல்லாம் அரைகுறை.

நாடி இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. தப்பை வைத்து இறுக்கிக் கட்டினாலும் சரி, நாங்கள் போட்ட மாவுக்கட்டானாலும் சரி, உள்ளே வீக்கம் ஏறினால் தசைக்கு ரத்தம் நின்றுபோகும். நாடி அடங்குவது கடைசியில்தான். அதற்கு முன்பே வலி மாத்திரைக்குக் கட்டுப்படாமல் ஏறும், விரலை மெல்ல நீட்டிவிட்டாலே அலறவைக்கும். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சுமார் 6 மணி நேரத்தில் தசை செத்துப்போகலாம். கட்டை மேலிருந்து கீழ்வரை, உள்ளே இருக்கும் பஞ்சோடு சேர்த்துப் பிளக்க வேண்டும். அதுவரை காலைத் தலையணை அடுக்கி உயர்த்தாமல், நெஞ்சு மட்டத்திலேயே வையுங்கள். பிளந்தும் வலி தணியாவிட்டால் அறுவை சிகிச்சைதான்.