பொம்மை அசைந்தால் போதும், வெளிச்சம் ஏன் அசைகிறது?

"போனில் எடுத்தவரை பிரச்சினை இல்லை. டிஎஸ்எல்ஆர் வாங்கிய பிறகு படம் பழைய ட்யூப்லைட் மாதிரி மினுக்குகிறது. கேமரா பழுதா?" களிமண் பொம்மைகளை வைத்து ஸ்டாப் மோஷன் குறும்படம் எடுக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பழுதெல்லாம் இல்லை. கேமரா தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் மினுக்குகிறது.

ஸ்டாப் மோஷனின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. பொம்மையை இம்மி நகர்த்தி ஒரு படம், இன்னும் இம்மி நகர்த்தி இன்னொரு படம். விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். ஒரு நிமிடத்துக்கு 720. இவ்வளவு குறைந்த படங்களிலேயே பொம்மை நடப்பதாகத் தோன்றுகிறது என்றால் அது மூளையின் தயவு. பிம்பம் விழித்திரையில் 1/16 விநாடி தங்குவதால்தான் சினிமா ஓடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது உண்மையானால் பொம்மையின் கை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலும் நிழலாடி, படம் குழம்பிப்போக வேண்டும். அப்படி ஆவதில்லையே! இரண்டு நிலைகளுக்கு இடையே இல்லாத அசைவை மூளை உண்டாக்கிக்கொள்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் இதுபற்றிய தன் சோதனைகளை வெளியிட்டார். நூறாண்டு தாண்டியும் அந்த 1/16ஐக் கைவிட நமக்கு மனம் வரவில்லை.

அசைவில் இவ்வளவு தாராளமாக இருக்கும் அதே கண், வெளிச்சத்தில் கறார். ஒளி விநாடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கும்போது நம் பார்வை அதை மிக எளிதாகப் பிடித்துவிடும். ஓரிரு சதவீத மாற்றம்கூடத் தப்பாது. விநாடிக்கு 12 படம் ஓட்டும்போது, ஒன்று வெளுத்து அடுத்தது கறுத்தால் 6 துடிப்பு. கண் விழிப்பாக இருக்கும் வட்டாரத்துக்கு வெகு அருகில் போய் மாட்டிக்கொள்கிறோம்.

சரி, அந்த ஓரிரு சதவீதம் எங்கிருந்து வருகிறது? கேமராவை மேனுவலுக்கு மாற்றி எஃப்/16 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 2 விநாடி என்று வையுங்கள். லென்ஸின் முன்கண்ணாடிக்குள் பார்த்தபடியே பட்டனை அழுத்துங்கள். அதுவரை அகலத் திறந்திருந்த துளைக்குள் சின்னஞ்சிறு இதழ்கள் பாய்ந்து வந்து, பட்டாணியைவிடச் சிறிய ஒரு ஓட்டையை விட்டு நிற்கும். 2 விநாடி கழித்து மறுபடி விரிந்துவிடும். வ்யூஃபைண்டரில் நமக்கு வெளிச்சமாகத் தெரிவதற்காக லென்ஸ் எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும். படம் எடுக்கும் கணத்தில் மட்டும் சுருங்கும். அதாவது 720 படத்துக்கு 720 முறை சுருங்கி விரிகிறது. எந்த இயந்திரமும் 720 முறையும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் வந்து நிற்காது.

எவ்வளவு பிசகினால் கண்ணுக்குத் தெரியும்? 50 மி.மீ. லென்ஸில் எஃப்/16 என்றால் துளையின் விட்டம் 50ஐ 16ஆல் வகுத்தால் வருவது, சுமார் 3.1 மி.மீ. இதில் 0.05 மி.மீ. தவறினால் விட்டம் 1.6 சதவீதம் மாறும். ஒளி நுழைவது பரப்பின் வழியாக. பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். ஆக 3.2 சதவீதம் மாற்றம். அதே 0.05 மி.மீ. தவறு எஃப்/2.8இல் 0.6 சதவீதம்கூட வராது. இங்கேதான் ஸ்டாப் மோஷன்காரருக்குச் சங்கடம். பொம்மை ஒரு சாண் உயரம், கேமரா அதன் மூக்கருகே. மூக்கு, காது இரண்டும் தெளிவாக விழ வேண்டுமென்றால் துளையைச் சுருக்கியே ஆக வேண்டும். சுருக்கச் சுருக்க மினுக்கல் கூடும்.

போனில் இது ஏன் இல்லை? பெரும்பாலான போன்களில் துளை மாறாத ஒன்று. சுருங்க இதழே கிடையாது. விலை கூடினால் தரம் கூடும் என்கிற நம்பிக்கை சகுனம் பார்ப்பதைப் போலத்தான்; இங்கே விலையோடு சேர்ந்து வந்தது ஒரு அசையும் உறுப்பு, அதோடு அதன் பிழை. (போனுக்கும் தனி நோய் உண்டு: படத்தின் ஒளியளவான எக்ஸ்போஷரையும் நிறச் சமனான வொய்ட் பேலன்ஸையும் படத்துக்குப் படம் அதுவாக மாற்றும். இரண்டையும் லாக் செய்யுங்கள், பல படங்களை ஒன்றாகக் கலக்கும் எச்டிஆரை அணையுங்கள்.)

மருந்து, இதழ்களை அசையவிடாமல் செய்வது. அப்பர்ச்சர் (துளை) வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸை அடாப்டர் போட்டு கேனான் கேமராவில் மாட்டுவது இத்துறையில் பழகிப்போன வழி. வளையத்தை எங்கே திருப்பினோமோ அங்கேயே துளை நிற்கும். அதே லென்ஸை நிக்கான் கேமராவிலேயே மாட்டினால் பயனில்லை. கேமராவின் நெம்புகோல் படத்துக்குப் படம் இதழ்களை இயக்கிவிடும். பழைய லென்ஸ் கிடைக்காவிட்டால், கேனானில் எஃப் எண்ணை வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை (படம் எடுக்காமலே துளையைச் சுருக்கிக் காட்டுவது) அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுவதுபோலச் சற்றே திருகுங்கள். மின்தொடர்பு அறுந்து, இதழ்கள் சுருங்கிய நிலையிலேயே உறைந்துவிடும். திரையில் எஃப் எண் இருந்த இடத்தில் 00 என்று வந்தால் சரி. லென்ஸ் பூட்டாமல் தொங்குகிறது என்பதை மறக்க வேண்டாம், டேப் சுற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் மினுக்கினால் விளக்கைச் சந்தேகிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடுவதால் விளக்கு துடிப்பது விநாடிக்கு 100 முறை. மலிவான எல்இடி பல்புகளில் இந்தத் துடிப்பு ஆழமாக இருக்கும். ஷட்டர் 1/60 என்றால் அதற்குள் ஒன்றேமுக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாக அடங்கும். ஒரு படத்துக்கு இரண்டு உச்சியும் ஒரு பள்ளமும் வாய்க்கும். அடுத்ததற்கு ஒரு உச்சி, இரண்டு பள்ளம். முழுக்க அணைந்து எரியும் விளக்கில் இது சராசரிக்கு மேலும் கீழும் 16 சதவீதம்வரை போகும். 1/50 வைத்தால் சரியாக இரண்டு துடிப்பு, எப்போது அழுத்தினாலும் ஒரே அளவு. இன்னும் நல்லது, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 100ஆக இறக்கி அரை விநாடி வைப்பது. 50 துடிப்புகள் சேர்ந்த பிறகு மிச்சத் துண்டு எதுவானாலும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. பொம்மை மூச்சுவிடுவதில்லை, எனவே படம் கலங்காது. மேசை ஆடாமல் இருக்க டைமரிலோ ரிமோட்டிலோ எடுங்கள்.

ஹாலஜன் விளக்கு துடிப்பில் சாது, வோல்டேஜில் முரடு. இழை விளக்கின் ஒளி வோல்டேஜின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்காக மாறும். மோட்டார் போட்ட கணத்தில் 230 வோல்ட் 220 ஆனால் ஒளி 14 சதவீதம் விழுந்துவிடும். பவர் பேங்கில் எரியும் எல்இடி இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது. ஆனால் அதை டிம் செய்யாதீர்கள், பல விளக்குகள் வேகமாக அணைத்து எரித்துத்தான் மங்க வைக்கின்றன. வெளிச்சம் கூடுதலாக இருந்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள், அல்லது பட்டர் பேப்பர் கட்டுங்கள். ஜன்னலை அடைத்துவிடுங்கள். கறுப்புச் சட்டை போடுங்கள்; வெள்ளைச் சட்டைக்காரர் நிற்கும் பக்கமெல்லாம் பொம்மையின் கன்னம் வெளுக்கும்.

படப்பிடிப்புக்கு முன் எதையும் தொடாமல் வெறும் செட்டை 24 படம் எடுத்துச் சுழலவிட்டுப் பாருங்கள். படம் முழுவதும் தாறுமாறாக மினுக்கினால் துளை அல்லது ஷட்டர். போனில் பட்டை பட்டையாக வந்தால் மின்சாரம். நிறம் மாறினால் வொய்ட் பேலன்ஸ்.

மினுக்கல்தான் கைவேலையின் அழகு என்று சொல்வாரும் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. 1933இல் வந்த 'கிங் காங்' குரங்கின் ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருப்பது, அனிமேட்டரின் விரல் பட்டதால். அது கைத்தடம். துளை தடுமாறுவதில் யார் கையும் இல்லை.

வாசகர் ஏற்கெனவே எடுத்துவிட்ட காட்சிகளை எடிட்டிங் மென்பொருளின் டிஃப்ளிக்கர் (மினுக்கலைச் சமன்செய்யும் வசதி) ஓரளவு காப்பாற்றும். இனி எடுக்கும்போது, பின்னால் வெட்டிவிடப்போகும் ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை ஒட்டி வையுங்கள். பொம்மை எப்படி ஆடினாலும் அட்டை மாறாது; அதன் பிரகாசத்தை ஒவ்வொரு படத்திலும் ஒன்றாக்கினால் மொத்தப் படமும் சமனாகும். துளையின் பிழைக்கு இது போதும். பட்டைக்கும் சட்டைக்கும் எடுபடாது, அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.