"நெட்வேர்க் நெரிசல், கட்டணம் கட்டுங்கோ" என்று கேட்டால் கட்டாதீர்கள்

கிளிநொச்சியில் கணினி கற்பிக்கிறேன். மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்தெல்லாம் ஒரே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். "அண்ணை, கிரிப்டோவில போட்ட காசு பெருகி நிக்குது, எடுக்க ஏலாமக் கிடக்கு. நெட்வேர்க் நெரிசலாம். கட்டணம் அனுப்பினா விடுவினமாம்."

நெரிசல் என்பது உண்மையிலேயே உண்டு. அதனால்தான் படித்த பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். பிட்கொயின் என்ற கிரிப்டோ நாணயத்தில் பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துப் பொதுப் பதிவேட்டில் பதிகிறார்கள். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதிதான் பதிவாகும். 2010இல் அதன் அளவை 1 மெகாபைட்டுக்குள் கட்டுப்படுத்தினார்கள். செக்கனுக்கு 7 பரிமாற்றம் போனாலே பெரிது. 2017 டிசம்பரில் எல்லோரும் முண்டியடித்தபோது சராசரிக் கட்டணம் 50 டொலரைத் தாண்டியது.

தொகுதியைப் பெருப்பித்தால் தீராதா? அதற்குத்தான் பெரிய சண்டையே நடந்தது. முழுப் பதிவேட்டையும் வைத்துச் சரிபார்க்கும் கணினிகள் உலகெங்கும் இருக்கின்றன. தொகுதி பெருக்கப் பெருக்க அவற்றுக்குச் சேமிப்பிடமும் இணைய வேகமும் கூடுதலாகத் தேவை. எங்கள் ஊர் இணைப்பை வைத்திருப்பவர் விலகிவிட, வசதியான சிலரே கணக்குப் பார்ப்பவர்களாக மிஞ்சுவார்கள். இந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 2017 ஓகஸ்டில் ஒரு பகுதியினர் 8 மெகாபைட்டோடு பிட்கொயின் காஷ் என்று பிரிந்து போனார்கள். மற்றவர்கள், ஒரு தொகுதிக்குள் கூடுதல் பரிமாற்றங்கள் அடங்கும்படி கையொப்பத் தரவை வேறுவிதமாகக் கணக்கிடும் செக்விட் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். பிறகு லைட்னிங் வந்தது. சில்லறைக் கொடுக்கல்வாங்கலைப் பதிவேட்டுக்கு வெளியே முடித்து, இறுதிக் கணக்கை மட்டும் பதியும் முறை அது. பிட்கொயின் காஷ் 2018இல் 32 மெகாபைட்டுக்கு உயர்ந்தும் அதன் தொகுதிகள் பெரும்பாலும் நிரம்புவதில்லை. ஆகவே "எங்கட கொயின் செக்கனுக்கு இலட்சம் பரிமாற்றம் செய்யும்" என்று ஒருவர் சொன்னால், அது அந்தக் கொயினின் பெறுமதிக்குச் சான்றாகாது.

நெரிசல் எவ்வளவு இருந்தாலும், பிட்கொயின் கட்டணம் அனுப்புகிற கொயினிலிருந்தே கழிந்து, தொகுதியைப் பதிகிறவருக்கு (மைனர் என்பார்கள்) போகும். யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கில் ரூபாயாகப் போட்டுத் தீர்க்க எதுவுமில்லை. அனுப்பிய பரிமாற்றத்துக்கு ஓர் அடையாள எண் இருக்கும். அதைக் கேளுங்கள். தாமதமானாலும் இணையத்தில் எவரும் அதைத் தேடிப் பார்க்கலாம். எண்ணைத் தராமல் மழுப்பினால் அங்கே பரிமாற்றமே நடக்கவில்லை.

இலங்கை மத்திய வங்கி கிரிப்டோ பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கிரிப்டோ என்ற பெயரில் வந்தாலும், ஆள் சேர்த்தால் பங்கு தரும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே கட்டியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், காசு போட்ட துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே வங்கிக்கும் பொலிஸுக்கும் போங்கள். "போன காசை மீட்டுத் தாறம், முன்பணம் தாங்கோ" என்று அடுத்து ஒருவர் அழைப்பார். அவருக்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள்.